உண்டியல் உடையாத வீடு

சிக்கனம் பிறவிக் குணமா, வளர்ப்பில் வருவதா, கூலி வரும் தேதியைப் பொறுத்ததா? மங்கலம்பேட்டை வட்டாரத்தை முன்வைத்து ஒரு விசாரணை.

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. கடைவீதியைத் தாண்டினால் நிலக்கடலை, முந்திரி. கிணற்றுத் தண்ணீர் இருக்கிற இடத்தில் கரும்பும் நெல்லும். தெற்கே விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை. கிழக்கே நெய்வேலி.

வட்டாரம் ஒன்றுதான், வீட்டுக்குள் பணம் வருகிற விதம்தான் வேறு வேறு. 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டதிலிருந்து நெய்வேலியின் நிரந்தர ஊழியர் வீட்டில் மாதச் சம்பளம், பி.எஃப். பிடித்தம், போனஸ், குடியிருப்பு. விவசாயி வீட்டில் அறுவடைக்கு அறுவடைதான் காசு. பட்டறைத் தொழிலாளி வீட்டில் வாரக் கூலி, அதுவும் வேலை இருந்தால். மகனோ கணவனோ வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற வீட்டில், அங்கே சம்பளம் போட்டால் இங்கே அடுப்பு தாராளமாக எரியும்.

ஊர்ப்பேச்சு மட்டும் எங்கும் ஒரே மாதிரி. "அவங்க வீட்டுல எல்லாரும் கெட்டி. இவங்க கையில காசு நிக்காது" என்று பரம்பரைக்கே முத்திரை குத்திவிடுவோம். அறிவுரைக்கும் குறைவில்லை. உலகம் அக்டோபர் 31-ல் கொண்டாடும் சேமிப்பு நாளை இந்தியாவில் ஒரு நாள் முன்னதாக, 30-ஆம் தேதி கொண்டாடுகிறோம். 1924-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாடு தொடங்கிவைத்த வழக்கம் அது. அன்றைக்குப் பள்ளியில் பேச்சுப்போட்டி நடக்கும். "சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்று முடித்தால் கைதட்டல் நிச்சயம். எவர்சில்வர் டப்பா பரிசும் கிடைக்கலாம்.

கைதட்டிவிட்டுக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அறிவுரையால் சிக்கனம் வந்திருந்தால், இத்தனை பழமொழி வைத்திருக்கிற தமிழ்நாட்டில் அடகுக் கடைக்கு வேலையே இருந்திருக்காது. பிள்ளைக்குச் சிக்கனத்தைக் கற்றுத் தருபவை இரண்டு: வீட்டுக்குப் பணம் தேதி தவறாமல் வருகிறதா என்பது ஒன்று, வீட்டில் சொன்ன சொல் நிற்கிறதா என்பது இன்னொன்று.

மண்ணை வீணாக்காத கை

விருத்தாசலம் செராமிக் என்றால் பலருக்கும் பொம்மையும் அகல் விளக்கும்தான் நினைவுக்கு வரும். மின்சார ஃப்யூஸ் கேரியர் முதல் ஊறுகாய் ஜாடி வரை வேறு பலவும் இந்தத் தொழிலின் சரக்குதான். இதற்கென்றே அரசு செராமிக் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றும் ஊரில் இருக்கிறது.

ஒரு பொம்மை உருவாவதை அருகில் நின்று பார்த்தால் சிக்கனத்துக்குத் தனிப் பாடம் தேவைப்படாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சின் இரண்டு பாதிகளைச் சேர்த்து ரப்பர் பட்டையால் கட்டுகிறார்கள். பால் பதத்தில் கரைத்த களிமண்ணை உள்ளே ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரில் மண் படிந்து தடிக்கிறது. வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கூழை அப்படியே தொட்டிக்குத் திருப்பிக் கவிழ்க்கிறார்கள். அச்சைப் பிரித்து, ஒட்டு தெரியும் இடத்தைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்கிறார்கள். சுரண்டிய துணுக்கும் தொட்டிக்கே போகிறது. காயும்போது விரிசல் விட்ட பொம்மையும் ஊறவைத்தால் மறுபடி மண். சூளைக்குள் போகிறவரை எதுவுமே வீணில்லை. சூளையிலும் அதே கணக்குத்தான். எரிபொருள் செலவு பெரிது என்பதால், அடுக்கில் இடம் காலியாக இருக்க நெருப்பு மூட்டமாட்டார்கள்.

நாள் முழுக்க ஒரு துணுக்கு மண்ணைக்கூட வீணாக்காத கை, வாரக் கூலி வாங்கிய மறுநாளே காலியாகிவிடுகிறது என்றால், குறை அந்தக் கையில் இருக்க முடியாது. தொழிலின் பருவத்தைப் பாருங்கள். கொலு பொம்மைக்கு நவராத்திரிக்கு முன், அகலுக்குக் கார்த்திகை தீபத்துக்கு முன் என்று வேலை குவியும். அகலுக்குக் கிராக்கி ஏறுகிற ஐப்பசி, கார்த்திகையில்தான் இந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் கொட்டும். பச்சை மண் காயாது. காயாததைச் சுட முடியாது. எண்ணிக்கைக்குக் கூலி பேசியிருந்தால், மழை நாள் வருமானம் இல்லாத நாள். தை பிறந்தால் அகல் கேட்க ஆள் இல்லை.

இப்படி ஏறி இறங்கும் வருமானத்தில் வளர்கிற பிள்ளை எதைப் பார்க்கிறது? காசு வந்த வாரம் கறிக்குழம்பு, புதுச் செருப்பு, பழைய பாக்கி. வராத வாரம் கடையில் கடன். "இருக்கும்போதே வாங்கிவிடு, நாளைக்கு இருக்காது" என்பதுதான் அந்த வீட்டின் பாடம். அது ஊதாரித்தனம் இல்லை. அந்த வருமானத்துக்குப் பொருத்தமான, பட்டுத் தெரிந்த அறிவு.

கரும்பு வெட்டுக்கு முன்னும் பின்னும்

வீட்டுப் பணத்தின் பருவம் மனிதரின் புத்தியையே எப்படி ஆட்டிவைக்கிறது என்பதை உலகத்துக்குக் காட்டிய ஆய்வு ஒன்று, மங்கலம்பேட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் அதை வெளியிட்டார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களின் 54 ஊர்களில் 464 கரும்பு விவசாயிகளை அவர்கள் சந்தித்தார்கள். கரும்புப் பணம் ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக வருவது. வெட்டுக்கு முன்னால் கை காய்ந்திருக்கும், பின்னால் தாராளம். அதே ஆளுக்கு வெட்டுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை, படங்களின் ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் அறிவுத்திறன் புதிர்களைக் கொடுத்தார்கள்.

வெட்டுக்கு முன் 100-க்கு 78 பேர் பொருளை அடகு வைத்திருந்தார்கள். பின்னால் 4 பேர். புதிர்களில் சரியான விடைகள், வெட்டுக்கு முன் இருந்ததைவிடப் பின்னால் சுமார் 25 விழுக்காடு கூடின. அதே மனிதர், அதே தாய் தந்தை, அதே படிப்பு. மாறியது கையிருப்பு மட்டும். பணக் கவலை மூளையின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தை வைத்துத்தான் ஆள் யோசிக்கிறார் என்பது அவர்கள் முடிவு. எந்த உரம் வாங்குவது, எந்த வட்டிக்குக் கடன் வாங்குவது என்பது போன்ற பெரிய முடிவுகளை நம் விவசாயி எடுப்பது, மூளை இப்படிச் சுமந்துகொண்டிருக்கிற மாதங்களில்தான்.

இந்த முடிவை எல்லோரும் அப்படியே ஏற்கவில்லை. அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016-ல் வெளியான ஆய்வில், அறிவுத்திறனில் அப்படி வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அவர்கள் காத்திருந்தது சம்பளத்துக்கு. இவர்கள் காத்திருந்தது ஓராண்டுக் கரும்புக்கு. சம்பளத் தேதி தெரிந்தவரின் தட்டுப்பாடும் தெரியாதவரின் தட்டுப்பாடும் ஒன்றாக இருக்க முடியாது. கரும்புக்கு 14 நாளில் பணம் தரவேண்டும் என்று 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. ஆலை பாக்கிக்காக விவசாயிகள் போராடும் செய்தியை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். அந்த வீட்டுப் பிள்ளையிடம் போய்ச் சேமிப்பைப் பற்றிப் பேசினால் அது எப்படிச் செவியில் ஏறும்?

சொன்ன சொல்

பொறுத்திருந்தால் பெரிதாகக் கிடைக்கும் என்று பிள்ளை நம்புவது எதனால்? உளவியலில் இதற்கு ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் மிஷல், மழலையர் பள்ளிக் குழந்தைகள் முன் ஒரு மிட்டாயை வைத்து, "நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன்" என்றார். பொறுத்த குழந்தைகள் பின்னாளில் படிப்பிலும் வாழ்க்கையிலும் முன்னேறினார்கள் என்று செய்தி பரவியது. மன உறுதிதான் எல்லாம் என்று பலர் பாடம் எடுத்தார்கள். 2018-ல் டைலர் வாட்ஸ் குழுவினர் ஏறத்தாழ 900 குழந்தைகளின் விவரத்தை வைத்து மறுபடி பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாக இளைத்தது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்ததும் இன்னும் தேய்ந்தது.

அதற்கு முன்பே, 2013-ல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் செலஸ்ட் கிட் குழு இன்னொரு கோணத்தைக் காட்டியிருந்தது. 28 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். "நல்ல வண்ணக் குச்சி கொண்டுவருகிறேன், காத்திரு" என்று சொல்லிவிட்டு, ஒரு பாதிக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மறு பாதியிடம் "மன்னித்துக்கொள், இல்லை" என்று கையை விரித்தார்கள். பிறகு மிட்டாய்ச் சோதனை. சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தன. ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடம். கையை விரித்தவரின் பேச்சை மறுபடி நம்பிக் காத்திருக்காதது அந்தக் குழந்தைகளின் சமர்த்து. அதைப் பலவீனம் என்று சொல்ல முடியாது.

இதை நம் வீட்டு மண் உண்டியலோடு சேர்த்துப் பாருங்கள். திருவிழாவில் வாங்கித் தந்த உண்டியல். மேலே ஒரு கீறல்தான் வாய். எடுக்க வழி இல்லை, உடைத்தால்தான் உண்டு. மாமா கொடுத்த பத்து ரூபாய், பெருநாள் காசு, பொங்கல் படி என்று பிள்ளை போட்டு வருகிறது. ஆடி மாதம் கை முடங்குகிறது. "அடுத்த வாரம் போட்டுடறேன் கண்ணு" என்று சொல்லி அம்மா கம்பியை விட்டு நெம்பி உடைக்கிறாள். அடுத்த வாரமும் கூலி வரவில்லை. அம்மா பொய் சொல்லவில்லை. அவளிடம் சொன்னவர்கள் சொன்னபடி தரவில்லை. ஆனால் பிள்ளை கற்றுக்கொண்டது வேறு: வைத்தால் போய்விடும், தின்றால்தான் மிச்சம். உண்டியல் உடையாமல் இருந்த வீட்டில் வளர்ந்த பிள்ளையைக் ‘கெட்டி’ என்கிறோம். உடைந்த வீட்டுப் பிள்ளையை ‘ஓட்டைக் கை’ என்கிறோம்.

இந்தத் தழும்பு நெடுநாள் இருக்கும். அமெரிக்காவில் பங்குச்சந்தை சரிந்த காலத்தைக் கண்டு வாழ்ந்தவர்கள், பல பத்தாண்டு கழித்தும் பங்கில் பணம் போடத் தயங்கினார்கள் என்று உல்ரிக் மால்மெண்டியரும் ஸ்டெஃபான் நாகலும் 2011-ல் காட்டினார்கள். நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். 1990-களில் கூடுதல் வட்டி ஆசை காட்டிய நிதி நிறுவனங்கள் மூழ்கியபோது அப்பாவின் ஓய்வூதியப் பணம் போனதைப் பார்த்தவர்கள், இன்றைக்கும் நகைக் கடைக்குத்தான் போகிறார்கள். மியூச்சுவல் ஃபண்டு பற்றி யார் வந்து சொன்னாலும் ஒரு காதில்தான் வாங்குகிறார்கள்.

வறுமை ஒன்று, பாடம் வேறு

கஷ்டப்பட்டு வளர்ந்தால் காசின் அருமை தெரியும் என்பது நம் ஊரில் வேதவாக்கு. அது பாதிதான் உண்மை.

அப்துல் கலாம் தன் இளமைக் காலத்தைப் பற்றி எழுதியது பலருக்கும் தெரியும். 1939-ல் போர் மூண்டபோது எட்டு வயது. புளியங்கொட்டைக்குத் திடீர்க் கிராக்கி. பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு நாள் பாட்டுக்கு ஓரணா. ராமேசுவரத்தில் ரயில் நிற்பது ரத்தானதும், ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளைப் பிடிக்க உறவினர் சம்சுதீனுக்கு ஆள் தேவைப்பட்டது. கலாமுக்கு முதல் சம்பளம் வந்தது. சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது அக்கா ஜோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அதைத் தன் சொந்தச் சம்பாத்தியத்தில்தான் மீட்பது என்று தம்பி உறுதி எடுத்துக்கொண்டார். வேலை செய்தால் ஓரணா வரும் என்பது சிறு வயதிலேயே மெய்யானது. அடகுக்குப் போன நகை, படிப்பு என்ற பெரிய காரியத்துக்காகப் போனது. எளிமையும் உழைப்பும் அவர் கடைசிவரை விடாத பழக்கங்கள்.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பிறந்தது நாகர்கோவில் ஒழுகினசேரியில், ஏழைக் குடும்பத்தில். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன். அவர் கற்றுக்கொண்டது நேரெதிர். சினிமாவில் வந்ததை எல்லாம் கேட்டவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார். 1957-ல், ஐம்பது வயது நிறையும் முன்பே மறைந்தபோது, மிச்சம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஊர் அவரை வள்ளல் என்று இன்றும் கொண்டாடுகிறது. ஊதாரி என்று யாரும் சொல்வதில்லை.

பெரியார் கஷ்டத்தில் வளர்ந்தவரே இல்லை. ஈரோட்டில் செல்வ வணிகக் குடும்பம். பள்ளிப் படிப்பு சீக்கிரமே நின்று, சிறுவனாக இருக்கும்போதே மண்டியில் உட்கார வைக்கப்பட்டவர். வாலிபத்தில் செலவாளி. பொது வாழ்வில் அவருடைய சிக்கனம் பிரசித்தம். குழந்தைக்குப் பெயர் வைக்க ஒரு தொகை, உடன் நின்று படம் எடுக்க ஒரு தொகை என்று வசூலித்தார்; கட்சிக்காரர்களே கேலி பேசினார்கள். அப்படிச் சேர்ந்தது இயக்கத்துக்கும் அறக்கட்டளைக்கும் போனது. மண்டியில் படித்த வரவு செலவுக் கணக்கு எழுபது, எண்பது வயதிலும் கூட வந்தது. ஆனால் எதற்காகச் சேர்ப்பது என்பதை அவரே தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

மூவரையும் பார்த்தால் வறுமையோ வசதியோ தன்னால் எதையும் தீர்மானிப்பதில்லை என்பது புரியும். கையில் வந்த காசுக்கு வீடு என்ன அர்த்தம் சொன்னது என்பதுதான் ஒட்டிக்கொள்கிறது.

தண்டல்காரர் தெரிந்துவைத்திருக்கும் ரகசியம்

செராமிக் பட்டறையில் ஒரு சௌகரியம்: சூளைக்கு முன் மண்ணைத் திருத்தலாம். சுட்ட பிறகு உடைந்தால் குப்பைதான். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்பவர்கள் மனிதரையும் சுட்ட மண்ணாகத்தான் நினைக்கிறார்கள். அது தப்பு என்பதற்குச் சாட்சி தண்டல்காரர்.

10,000 ரூபாய் தண்டல் வாங்கினால் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவது ஒரு வழக்கமான கணக்கு. தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால், ஆண்டு வட்டி 100 விழுக்காட்டைத் தாண்டும். இந்தக் கொள்ளையைச் சற்று ஒதுக்கிவைத்து, கட்டுகிற ஆளைப் பாருங்கள். தள்ளுவண்டிக்காரர், பூக்காரம்மா, டீக்கடைக்காரர். நூறு நாள், நாள் தவறாமல் நூறு ரூபாய். சேமிக்கத் தெரியாது என்று நாம் சொல்கிற ஆள் இவர்தான்! இவரிடம் ஒழுங்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? கடனை வசூலிக்க ஆள் தினமும் வாசலுக்கு வருகிறார். சேமிப்பை வாங்கிக்கொள்ள யாரும் வருவதில்லை.

வந்தால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். விஜயவாடாவின் குடிசைப் பகுதி ஒன்றில், வீடு வீடாகப் போய்ச் சேமிப்பு வசூலித்த பெண்ணைப் பற்றி ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்டு எழுதியிருக்கிறார். 220 கட்டம் போட்ட அட்டை. ஒரு கட்டத்துக்கு 5 ரூபாய். கட்டம் நிறைந்தால் 1,100 ரூபாய் சேர்ந்திருக்கும். அதில் 100 ரூபாயைத் தன் கூலியாக எடுத்துக்கொண்டு 1,000 ரூபாயைத் திருப்பித் தருவார். சேமிப்பதற்கு எதிர் வட்டி கொடுத்தார்கள் ஏழைத் தாய்மார்கள். பள்ளிக் கட்டணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை கையில் வர வேண்டும். வீட்டில் வைத்தால் தங்காது என்று அவர்களுக்குத் தெரியும். உடுப்பியில் சிண்டிகேட் வங்கி 1928-லேயே இதைப் புரிந்துகொண்டு, வாசலுக்கு ஆள் அனுப்பித் தினம் இரண்டணா வாங்கும் ‘பிக்மி’ திட்டத்தை நடத்தியது. பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி, குறித்த தேதிவரை எடுக்க முடியாத கணக்கை அறிமுகம் செய்தபோது, அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பூட்டிய உண்டியல் பெட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சாவி வங்கியில். நம் குயவர்கள் சாவியே இல்லாமல் செய்துவைத்திருக்கும் பொருள்தானே அது!

1989-ல் தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியபோது, அங்கே வட்டமாக உட்கார்ந்த பெண்களில் பலர் நடு வயதுக்காரர்கள். அதுவரை தன் பெயரில் ஒரு ரூபாய் சேர்த்திராதவர்கள். எல்லோர் முன்னாலும் பணத்தை எண்ணி, நோட்டில் வரவு வைத்து, சந்தா கட்டினார்கள். பழக்கம் வந்தது. ஐந்தில் வளையாதவர்கள் ஐம்பதில் நன்றாகவே வளைந்தார்கள், பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்ததும். தபால் ஆபீஸ் ஆர்.டி.க்கு மாதாமாதம் வீடு தேடி வருகிற பெண் முகவரும், தீபாவளிச் சீட்டும், நகைச் சீட்டும் இதே ரகசியத்தில்தான் ஓடுகின்றன. சீட்டு நடத்துகிறவர் யோக்கியராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கவலை.

2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். தொகை சிறிது என்பவர்களும் உண்டு, வீண் என்பவர்களும் உண்டு. பருவத்தை நம்பிய வீட்டுக்குள் முதல் முறையாகத் தேதி தெரிந்த பணம் ஒன்று நுழைந்திருக்கிறது என்பதை இருவருமே கவனிப்பதில்லை. தேதி தெரிந்தால் ஆர்.டி. கட்டலாம், சீட்டில் சேரலாம். திட்டம் போட ஒரு பிடி கிடைக்கிறது.

யார் வாயைக் கட்டுவது?

சிக்கனத்தைப் புகழும்போது, வீட்டுக்குள் யார் சிக்கனம் பிடிக்கிறார் என்பதையும் கேட்க வேண்டும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்கவைத்தாள் என்கிறோம். கட்டியது அநேகமாக அம்மாவின் வாய். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுவது, காய்ச்சலுக்குக் கஷாயத்தோடு நிறுத்திக்கொள்வது, மூக்குக் கண்ணாடியை ஆறு வருஷம் மாற்றாமல் இருப்பது எல்லாம் குடும்பக் கணக்கில் சேமிப்பாகத்தான் வரும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. காரணம் பல இருக்கலாம். கடைசியாக உண்ணும் பழக்கத்தையும் அதில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எதிர்ப்புறத்தில் கல்யாணச் செலவு. கடன் வாங்கி மண்டபம் பிடிப்பது மடத்தனம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். மொய் நோட்டைப் புரட்டினால் வேறு கதை தெரியும். நாம் இருபது வருஷமாகச் செய்தது திரும்பி வருகிறது. இன்று வந்ததை நாளை திருப்பிச் செய்ய வேண்டும். வங்கி நம்பாதவர்களுக்கு ஊர் தந்த வட்டியில்லாக் கடன் அது. அந்த வரவை மீறி பேனருக்கும் டிரோன் வீடியோவுக்கும் போகிற காசுதான் வீண்.

கண்ணில் படாத காசு

முன்பு பிள்ளைகள் பணத்தைக் கண்ணால் பார்த்து வளர்ந்தார்கள். அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்து எண்ணுவார். அம்மா அரிசிக்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, மிச்சத்தைக் கடுகு டப்பாவில் போடுவாள். யாரும் பாடம் நடத்தவில்லை, பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது. 1970-களில் தொடங்கிய சஞ்சயிகா திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளே வகுப்பில் நாலணா, எட்டணா வசூலித்துக் கணக்கு எழுதினார்கள். பாஸ்புக்கில் தன் பெயரைப் பார்த்த பெருமையை அந்தத் தலைமுறைக்காரர்கள் இன்னும் பேசுவார்கள்.

2016-ல் யு.பி.ஐ. வந்தது. பெட்டிக்கடையிலும் இப்போது ‘டொய்ங்’ சத்தம்தான். வசதி பெரிது, மறுக்க முடியாது. ஆனால் பிள்ளை பார்ப்பது என்ன? செல்போனைக் காட்டினால் பொருள் வருகிறது. எவ்வளவு இருந்தது, எவ்வளவு போனது, மிச்சம் எவ்வளவு என்பது அம்மாவின் திரைக்குள் இருக்கிறது. தவணையில் வாங்கிய செல்போனிலேயே தவணைக் கடன் செயலியும் இருக்கிறது. நாட்டுக் கணக்கும் இதையே சொல்கிறது. குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2020-21-ல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. கொரோனா காலத்தில் செலவழிக்க வழியில்லாமல் சேர்ந்ததும் அதில் உண்டு. 2022-23-ல் அது 5 விழுக்காட்டு அளவுக்கு இறங்கியது. கடன் ஏறியது முக்கியக் காரணம்.

என்ன செய்யலாம்?

வீட்டில் முதல் காரியம்: பிள்ளையின் உண்டியலில் கை வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் எடுத்த தொகையையும் திருப்பும் தேதியையும் பிள்ளை முன்னாலேயே எழுதி வையுங்கள். அந்தத் தேதியில் பாதியாவது திருப்புங்கள். இரண்டாவது: வாரம் ஒரு முறை வீட்டுக் கணக்கை வாய்விட்டுச் சொல்லுங்கள், பிள்ளைகள் காதில் விழட்டும். வருமானம் குறைவு என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்றாவது: பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரில் தானே சேமிப்புக் கணக்கை இயக்க ரிசர்வ் வங்கியின் 2025-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன, தபால் ஆபீஸிலும் அந்த வசதி உண்டு. பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால், ஆண்டுக்கு 250 ரூபாயிலிருந்து செல்வமகள் சேமிப்புக் கணக்கு. நகரத்து நிதி ஆலோசகர் யாரும் தேவையில்லை; ஊர்த் தபால்காரரைக் கேட்டால் போதும்.

வீட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் கடமை உண்டு. பட்டறை முதலாளிகள் சரக்கு விற்கும்வரை காத்திருக்காமல் கூலிக்கு ஒரு கிழமையை நிச்சயம் செய்யலாம்; மழை மாதங்களுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையைப் பேசி வைக்கலாம். சர்க்கரை ஆலைகள் 14 நாள் விதியை மதித்தாலே கடலூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டங்களில் எத்தனையோ வீட்டு நகைகள் அடகுக் கடைக்குப் போகாது. மேடையில் சிக்கனம் பற்றிப் பேச வருகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள்: முதலில் உங்களிடம் வேலை செய்கிறவருக்குச் சொன்ன தேதியில் சொன்ன கூலியைக் கொடுங்கள். மீதிப் பாடத்தை அவர் வீட்டுப் பிள்ளைகள் தாங்களே படித்துக்கொள்வார்கள்.